சேலத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எங்களுக்கு வீடு ஏற்காடு. மனைவிக்கு அம்மா கிடையாது, சேலம் அம்மாபேட்டையில் இருக்கிற சித்தி வீடுதான் தாய்வீடு. ஒன்பதாம் மாதத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை உருட்டி உருட்டி இறக்கி அங்கே கொண்டுபோய் விட்டேன். பக்கத்து தனியார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அதுவரை எல்லாம் நல்லபடிதான்.

மறுநாள் வாசல் ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். "தம்பி, குழந்தை பொறந்தது கார்ப்பரேஷன்ல, உங்க ஆதார் ஏற்காடு, கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பரும் மலை மேல போட்டது, ஒத்துப்போகாது. 21 நாள் தாண்டுச்சுன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் அவரே வழியும் சொன்னார். சித்தி வீட்டில் வாடகைக்கு இருப்பதாக 20 ரூபாய் பத்திரத்தில் ஒரு ஒப்பந்தம், ஆஸ்பத்திரி படிவத்தில் நிரந்தர முகவரியும் சித்தி வீடு, மீதியை அவர் பார்த்துக்கொள்வார், மொத்தம் ஆறாயிரம். கூடவே ஒரு தூண்டில்: இந்த முகவரி சான்றிதழில் ஏறிவிட்டால் நாளைக்கு டவுன் தனியார் ஸ்கூலில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச சீட்டு கிடைக்குமாம். பயந்ததால் மட்டும் கொடுத்தேன் என்று சொன்னால் பொய், அந்த சீட்டு ஆசையும் இருந்தது.

சித்தப்பா பாவம், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்து சான்றிதழை லேமினேட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார் அந்த ஆள்.

அப்புறம் ரேஷன் கார்டில் குழந்தை பெயரைச் சேர்க்கப் போனபோதுதான் குட்டு உடைந்தது. கார்டு ஏற்காடு, சான்றிதழில் நிரந்தர முகவரி அம்மாபேட்டை, எது உண்மை என்று கேட்டார்கள். நான் முழித்தேன். சரி என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கே போய் விசாரித்தால், ஆஸ்பத்திரியே பிறந்த ஐந்தாம் நாள் விவரத்தை அனுப்பிவிட்டதாம், பதிவு எப்போதோ முடிந்துவிட்டதாம், சான்றிதழை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாமாம். அவர் செய்த வேலை அந்த லேமினேட் ஒன்றுதான்.

அந்த அலுவலக அம்மா பொறுமையாக விளக்கினார். பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த இடத்தில். அப்பா அம்மா எந்த ஊர்க்காரர் என்பதற்காகப் பதிவு நிற்காது. பிக்மி எண் 12 இலக்கம், தமிழ்நாட்டில் எங்கே வாங்கியிருந்தாலும் செல்லும். 21 நாளுக்குள் இலவசம், 30 நாள் வரை சின்னத் தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஒரு வருஷம் வரை மேலதிகாரி அனுமதி, வருஷமும் தாண்டினால்தான் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) வரைக்கும் அலைச்சல். பிரசவம் சொந்தக்காரர் வீட்டிலேயே ஆகிவிட்டால் அந்த வீட்டுப் பெரியவர்தான் தகவல் கொடுக்க வேண்டும், கிராமம் என்றால் விஏஓவிடம். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பதிவு நடக்கும், ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. படிவத்தில் பிறந்த சமயத்தில் இருந்த முகவரிக்குத் தனிக் கட்டம், நிரந்தர முகவரிக்குத் தனிக் கட்டம். சித்தி வீட்டை முதலாவதில் எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. நான்தான் ரெண்டிலும் எழுதச் சொன்னேன்.

ஆர்டிஇ கதையும் புருடா. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இப்போது நிஜமாகக் குடியிருக்கிறோமா என்றுதான் ரேஷன் கார்டு, ஆதாரை வைத்துப் பார்ப்பார்கள். சான்றிதழில் ஏறிய சித்தி வீடு அதற்கு உதவாது.

ஆறாயிரம்கூடப் போகட்டும். இப்போது சித்தியின் மகன், அதாவது என் மச்சான், அந்தப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறான். "எங்க அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம், ஆதார் நகலோட எவன் கையிலயோ கெடக்கு, நாளைக்கு இத வெச்சு லோன் எடுத்தா யார் பொறுப்பு மாமா?" என்கிறான். தப்பாகக் கேட்கவில்லை. தாய்வீட்டுச் சீரோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டிய சித்தி, பஸ் ஸ்டாண்டு வரைகூட வரவில்லை. என் மனைவி மலையேறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

முகவரியைத் திருத்த மனுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆளுக்கு இன்று காலையும் போன் செய்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டால், அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்கிறார்.