உப்புக் காற்றில் உழைத்த டிரைபாட்: சென்னைக் கடற்கரைப் படங்களுக்கு நான் வாங்கிய சாமான்கள், சில வருடங்கள் கழித்து

வர்தா புயலுக்கு அடுத்த கோடையில் வாங்கிய கார்பன் ஃபைபர் டிரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் கேமரா மாறிவிட்டது, ஒரு லென்ஸ் பூஞ்சை பிடித்துப் போய்ச் சேர்ந்தது, ஃபில்டர்களில் பாதி கீறல் விழுந்து அலமாரி மூலையில் கிடக்கின்றன. சென்னைக் கடற்கரையில் இயற்கைக் காட்சி எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: பணத்தை முதலில் டிரைபாடில் போடுங்கள். அடுத்து, உப்பிலிருந்தும் ஈரத்திலிருந்தும் சாமானைக் காப்பாற்றும் ஏற்பாட்டில் போடுங்கள். கேமரா அதற்குப் பிறகு வரட்டும். பத்து வருடப் பழைய கேமராவும் இந்தக் கடற்கரையில் அழகான படம் கொடுக்கும். ஆடுகிற டிரைபாட் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவையும் கெடுத்துவிடும்.

காரணம் வெளிச்சம். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது, சூரியன் நேராக லென்ஸுக்குள் எழும். உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் தொடங்கி, உதித்துக் கால் மணி நேரம் வரைதான் வானத்தில் நிறம் நிற்கும். அந்த நேரத்தில் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ 100 என்றும் லென்ஸ் துவாரத்தை எஃப் 11 என்றும் வைத்தால் ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்கும், கையில் பிடித்து எடுக்க வழியே இல்லை. சூரியன் மேலே வந்துவிட்டால் வெயில் வெளுத்துவிடும், மூட்டையைக் கட்டலாம். ஜூன் தொடக்கத்தில் உதயம் 5.42 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். நேரம் ஒரு மணிக்குள்தான் மாறுகிறது, ஆனால் உதிக்கும் இடம் நிறையவே நகரும். ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தோடு சூரியனைச் சேர்த்து எடுக்க நினைத்தால், எங்கே நிற்பது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். (1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி அவர். அந்த மண்டபத்தை வெறும் அலங்கார வளைவாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.)

டிரைபாட் விஷயத்துக்கு வருகிறேன். கால்களை நீட்டிப் பூட்ட இரண்டு வகை உண்டு, திருகும் வகை, கிளிப் வகை. என்னுடையது திருகும் வகை. மணல் புகுந்தால் திருகும்போது 'கரகர'வென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து திருகினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து, பூட்டினாலும் கால் நழுவ ஆரம்பிக்கும். இதைத் தவிர்க்க எளிய வழி, கடற்கரையில் கீழ்க்கடைசிக் காலை, அதாவது மிக மெல்லிய பகுதியை, முதலில் முழுசாக நீட்டிவிடுவது. அப்போது பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். வீட்டில் எடுக்கும்போது தடித்த பகுதியிலிருந்து நீட்டச் சொல்வார்கள், அது சரிதான். இங்கே தலைகீழ்.

இரண்டாவது, ஈர மணல். டிரைபாடை வைத்ததும் அலை வந்து கால்களைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு அலைக்கும் டிரைபாட் விரல்கடை இறங்கும். நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பது, நடக்கும்போது இறங்கினால் தொடுவானம் இரண்டாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். அதனால் வைத்தவுடன் கால்களை மேலிருந்து அழுத்தி மணலுக்குள் இறக்கிவிட வேண்டும். இரண்டு அலை போகட்டும். அப்புறம் தொடுவானத்தைச் சரிபார்த்து, அலை பின்வாங்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். நடுத்தண்டை மேலே தூக்கவே கூடாது, காற்றுக்கு அது நிற்காது. ஒரு கிலோவுக்குக் குறைவான 'பயண' டிரைபாடுகளைக் கடற்கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். என்னுடையது கேமராவைப் பொருத்தும் தலையோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதுவே பலத்த காற்றில் நடுங்கும்.

கார்பன் குழாய்க்கு உப்பு ஒன்றும் செய்வதில்லை. அதைப் பிடித்திருக்கும் அலுமினிய வளையங்களுக்கு அப்படியில்லை. மூன்றாம் வருடத்தில் வளையங்களின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்தது. டிரைபாடோடு வந்த பால்ஹெட் என்ற உருண்டைத் தலையில் கேமராவைச் சுற்றிவிடும் பூட்டு அதற்கு முன்பே இறுகிவிட்டது. வாங்கிய கடை எடுத்துக்கொள்ள மறுத்ததால் தலையை மட்டும் மாற்றினேன். டிரைபாட் வாங்கும்போது காலையும் தலையையும் தனித்தனியாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கெட்டுப்போவது முதலில் தலை, கால்கள் வருடக்கணக்கில் வரும்.

கழுவுவதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் கடலில் வந்த உப்பு போய் நிலத்தடி உப்பு படியும். மெட்ரோ வாட்டரில் கழுவுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர் ஒரு லிட்டர் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்போமே, அதைத் தொடவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். கழுவித் துடைத்து, கால்களை நீட்டிய நிலையிலேயே நிழலில் காயவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை திருகுகளைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு தடவுகிறேன். அரை மணி நேர வேலை.

ஃபில்டர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பெட்டி பெட்டியாக விற்பார்கள், எனக்கு இரண்டு போதும். ஒன்று, ஆறு ஸ்டாப் என்.டி., அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்பு ஃபில்டர். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும், 1/60 நொடி ஷட்டர் ஒரு நொடியாகிவிடும். அலை பின்வாங்கும்போது மணலில் நூல் நூலாக ஓடும் நுரையைப் பிடிக்க அரை நொடியும் ஒரு நொடியும்தான் சரியான அளவு. பத்து ஸ்டாப்பில் அதே 1/60 பதினேழு நொடியாகும், கடல் முழுக்கப் பனிப்புகை மாதிரி ஆகிவிடும். பாறை இருக்கும் இடத்தில் அது அழகு, வெறும் மணற்கரையில் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது. இரண்டாவது, வானத்தை மட்டும் மங்கலாக்க, பாதி கறுப்பு பாதி தெளிவாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர், மூன்று ஸ்டாப், இரண்டும் சேரும் கோடு கறாராக இருக்கும் வகை. கடலின் தொடுவானம் நேர்க்கோடு என்பதால் இங்கே அது பொருந்தும். ரெசின் என்ற பிளாஸ்டிக் வகை ஃபில்டரை மணல் கீறிவிடும், விலை கூடினாலும் கண்ணாடியிலேயே வாங்குங்கள். லென்ஸில் உப்புத் திரை படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதுங்கள், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள், பிறகுதான் துடைப்பது. கம்பி வைத்த ஷட்டர் ரிமோட்டின் முனை துருப்பிடித்துவிடும், கேமராவின் இரண்டு நொடி டைமரே போதும்.

எங்கே எடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். மெரினாவில் படத்தின் முன்பக்கத்தில் வைக்கப் பாறையே இல்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நம் கரையில் மணல் வருடம் முழுவதும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு அதன் சுவர் மணலைத் தடுத்து நிறுத்தியது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரித்தது, அதைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அதனால் நீளமான அலைகளும் ஈர மணலில் வானத்தின் பிரதிபலிப்பும் வேண்டுமென்றால் தெற்கு, பாறையில் மோதிச் சிதறும் தண்ணீர் வேண்டுமென்றால் வடக்கு. ராயபுரம், காசிமேடு பக்கக் கற்களில் பாசி வழுக்கும். டிரைபாடைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கல்வரை போக வேண்டாம், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் வேண்டாம். ஏற்றவற்றத்தை நம்பியும் பெரிதாகத் திட்டமிட முடியாது. அமாவாசை, பௌர்ணமியில்கூட வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அலையின் வேகத்தையே பார்க்க வேண்டும். அடையாற்று முகத்துவாரத்தில் 1977இல் இடிந்த உடைந்த பாலத்தை மேலே ஏறாமல் மணலில் நின்றே எடுக்கலாம், படமும் அங்கிருந்துதான் நன்றாக அமையும்.

ஊரூர் ஆல்காட் குப்பம், நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அது மீனவர்கள் வேலை செய்யும் இடம் என்பது நினைவிருக்க வேண்டும். கரைவலை இழுக்கும் நாளில் கயிறு வரும் பாதையில் டிரைபாடை வைத்துவிட்டால், "தம்பி, கயிறு வருது, தள்ளிக்கோ" என்று ஒரு குரல் வரும். உடனே தள்ளிவிட வேண்டும், எக்ஸ்போஷர் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலை கரையேறி மீனைப் பிரித்த பிறகு, "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாளைக்குக் கடல் எப்படி இருக்கும், வாடை எப்போது திரும்பும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். எந்தச் செயலியையும்விட அதை நான் நம்புகிறேன்.

ஈரம்தான் பெரிய எதிரி. ஏசி அறையில் வைத்த கேமராவை விடியற்காலையில் கடற்கரையில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், தெளியக் கால் மணி, இருபது நிமிடம் ஆகும். அதற்குள் நிறம் போய்விடும். முந்தைய இரவே பையைக் கூடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பூஞ்சைக்கு: உள்ளே ஈரம் சேராமல் வைக்கும் டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது, நான் வருடக்கணக்கில் ஓட்டியது சமையலறைக்கு வாங்கும் காற்றுப் புகாத பெரிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைப் போட்டுத்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சின்ன ஈரமானியை உள்ளே வைத்து, 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் ஈரம் ஏறிப் பச்சையானால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். ஐப்பசி, கார்த்திகையில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

அந்த மாதங்களில் காற்று கடலிலிருந்து அடிக்கும், உப்புத் துளி நேரே லென்ஸில் விழும். ஆனால் மேகங்கள் அப்போதுதான் அற்புதம், விட மனம் வராது. கோடைக் காலையில் நிலக்காற்று இருப்பதால் சாமானுக்கு நல்லது, வானம்தான் பல நாள் வெறுமையாக இருக்கும். 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடல் இரவில் நீலமாக ஒளிர்ந்ததே, அதை எடுக்க எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ 3200, பத்துப் பதினைந்து நொடி வேண்டும், டிரைபாட் இல்லாமல் முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988இலிருந்து ஒரு மாணவர் தன்னார்வக் குழு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. வெளிச்சம் தாய் ஆமையைக் கலைத்துவிடும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். அந்த மாதங்களில் இருட்டில் போவதானால் தலைவிளக்கை மங்கலான சிவப்பில் வையுங்கள், ஃபிளாஷை எடுத்துப் போகவே வேண்டாம்.

மாலையில் கடலில் சூரியன் மறையாது என்று மேற்குக் கரைக்காரர்களைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. நமக்கு நிலவு இருக்கிறது. பௌர்ணமியைவிட, நாட்காட்டியில் சதுர்த்தசி என்று போட்டிருக்கும் முந்தைய மாலையைப் பிடியுங்கள். அன்று நிலவு சூரியன் மறைவதற்கு முன்பே எழும். முதுகுப் பக்கத்திலிருந்து மஞ்சள் வெளிச்சம் படகுகள் மேல் விழும்போதே எதிரே கடலுக்கு மேல் நிலவு நிற்கும். இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். 200 மி.மீ. லென்ஸ் வேண்டும். அடிவானத்தில் மூட்டம் இருந்தால் நிலவு கொஞ்சம் மேலேறிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், பொறுங்கள்.

கேமராவை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. அடுத்து வாங்க இருப்பது டிரைபாடுக்குத் துருப்பிடிக்காத எஃகில் நீளமான கால்முனை ஆணிகள். ராயபுரத்துக் கல்லுக்கு ரப்பர், மெரினா மணலுக்கு ஆணி என்று மாற்றிக்கொள்ளும் வகை.