சோலைக்காட்டுக்கு ஆடியோமாத்: மூடுபனியில் நம்பலாமா?

ஓடையோரப் பறவையும் சோலைக்குள் இருக்கும் பறவையும் ஒரே மாதிரிதான் பாடுகின்றனவா என்று பதிவு செய்து பார்க்க விரும்புவோருக்கு ஆடியோமாத் என்ற தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி நல்லது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. மூன்று ஏஏ பேட்டரியும் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும் போதும். ஆனால் கொடைக்கானல் ஈரத்தில் கருவியின் குறையே பறவையின் குணமாகத் தெரிந்துவிடும்.

அடர்ந்த சோலையில் ஒலி இலையிலும் அடிமரத்திலும் பட்டுச் சிதறும். வேகமாக அதிரும் குரல் குழம்பிப்போகும். தணிந்த சுருதியில் வரும் நீண்ட சீழ்க்கை தெளிவாகப் போய்ச் சேரும். பறவையியலாளர் யூஜின் மார்ட்டன் 1975-இல் பனாமா காட்டுப் பறவைகளை வைத்து முன்வைத்த கருத்து இது. பழனி மலையில் சோலையும் புல்வெளியும் ஒட்டியே கிடப்பதால் இதைச் சோதிக்க அருமையான இடம்.

இங்கேதான் கவனம் வேண்டும். கருவியின் உறையில் ஒலி நுழையும் சவ்வின் மேல் பனித்துளி நின்றால் மேல் அதிர்வெண்கள் மங்கும். பறவை தணிந்த சுருதியில் பாடுவதாகவே தோன்றும். ஓடையருகே நேர்மாறு. நீரின் இரைச்சல் குரலின் கீழ் அதிர்வெண்களை மூடிவிடும். மிஞ்சியதை ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் கண்ணால் அளந்தால் 'சுருதியை உயர்த்திப் பாடுகிறது' என்று தப்பாக முடிவுகட்ட நேரும். அதனால் கீழ் எல்லையைக் கண்ணால் குறிக்காமல், ஒலி உச்சம்பெறும் அதிர்வெண்ணை அளவிடுங்கள். கருவியைக் கட்டும்போதும் கழற்றும்போதும் ஒரு மீட்டர் தள்ளி ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில் 2, 4, 8 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளைப் போட்டுப் பதிவு செய்யுங்கள். 8 மட்டும் மங்கியிருந்தால் சவ்வு நனைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் பதிவை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

ஒல்லியான மரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில், சவ்வு சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். பெரிய இலை பக்கத்தில் வேண்டாம், மழைத்துளி அதில் விழும் சத்தமே கார்டை நிரப்பும். உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு வேகத்தில் ஒரு மணி நேரம் சுமார் 346 எம்பி. தினம் மூன்று மணி நேரமென்றால் 32 ஜிபி கார்டு ஏறத்தாழ ஒரு மாதம் வரும். வௌவாலுக்கு இந்த வேகம் போதாது, 250 வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரத்தை மறுபடி சரிசெய்யுங்கள். கோப்பின் பெயரில் வழக்கமாக வருவது உலகப் பொதுநேரம்; நம் காலை 6 மணி அதில் 00:30.

குரல் எவ்வளவு உரக்க இருந்தது என்பதை மட்டும் இதை நம்பி எழுத வேண்டாம். இரைச்சலில் பறவைகள் உரக்கப் பாடுவது உண்மைதான், ஆனால் தூரம் தெரியாமல் அது பிடிபடாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் நடனத் தவளைகள் இரைச்சலுக்கு நடுவே பின்காலை நீட்டியும் சைகை காட்டும். அதற்குக் கேமராதான் வேண்டும்.