வாரக் வங்கி வாசலில் மறுபடியும்: ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்

பள்ளி நாள்களில் என்னோடு விளையாடிய நண்பன் ஒருவன், 'ரூன்ஸ்கேப்பில் கப்பல் ஓட்டக் கற்றுத்தருகிறார்களாம், வருகிறாயா' என்று ஒரு வரி அனுப்பினான். ரூன்ஸ்கேப் என்பது பலர் இணையத்தில் ஒன்றாக ஆடும் விளையாட்டு. சற்றே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அதன் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூலைக் கைபேசியில் நிறுவினேன். ஆறு வாரங்கள் ஆகின்றன. இன்னும் வெளியே வரவில்லை. இதே விளையாட்டை ஒரு காலத்தில் நேசித்து, பிறகு விட்டு விலகி, இப்போது திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் கௌவர் சகோதரர்கள் 2001 ஜனவரியில் வெளியிட்ட ரூன்ஸ்கேப், ஜாவா இருந்தால் போதும், அன்று பிரவுசரிலேயே ஓடியது. எதையும் நிறுவ அனுமதிக்காத பிரவுசிங் சென்டர் கணினிகளில்கூட நாங்கள் அதை விளையாட முடிந்ததற்கு அதுதான் காரணம். விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகியதும், விளையாட்டை நடத்தும், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் 2008 ஜனவரியில் விளையாட்டுக்குள் நடக்கும் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. இரு தரப்புப் பொருள்களின் மதிப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் பரிமாற்றம் நடக்கும் என்றானது. நண்பனுக்கு ஒரு ரூன் வாளை, அதாவது ரூன் என்ற உலோகத்தில் செய்த வாளை, சும்மா கொடுக்க முடியாத உலகத்தில் எனக்கு வேலை இல்லை என்று நான் அப்போதே விலகிவிட்டேன். 2012 நவம்பரில் சண்டை முறையையே அடியோடு மாற்றியபோது மிச்சமிருந்தவர்களிலும் பலர் விலகினார்கள். அதன் பிறகுதான் நிறுவனம் இறங்கிவந்தது. தன்னிடமிருந்த விளையாட்டின் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதியைத் தூசி தட்டித் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 2013 பிப்ரவரி 22 அன்று அந்தப் பிரதி ஓல்டு ஸ்கூல் என்ற பெயரில் திறக்கப்பட்டது.

திரும்பி வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் வாசலிலேயே காத்திருக்கிறது. பழைய கணக்கில் நுழைந்தாலும் பழைய ஆள் இங்கே இல்லை. நாம் வளர்த்த திறன்களும் சேர்த்த காசும் ரூன்ஸ்கேப் என்ற பெயரிலேயே தனியாக நடந்துவரும் மற்றொரு விளையாட்டில் இருக்கின்றன. இங்கு எல்லோரும் பயிற்சித் தீவிலிருந்து வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டும். எனக்கு அது நல்லதாகவே பட்டது. லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரர் இன்றும் முட்டையும் பாலும் மாவும் கேட்டுக் கவலையோடு நிற்கிறார். போர்ட் சாரிமில் 30 காசு கொடுத்தால் கரம்ஜாத் தீவுக்குப் படகு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே மீன்பிடித் திறன் 40 ஆனதும் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடிக்கலாம். எந்த இடத்தில் எந்த மரம் நிற்கிறது என்பது மனத்தைவிடக் கைவிரல்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

நான் உண்மையில் தேடிப்போனது விளையாட்டில் உள்ள வாரக் நகரத்து மேற்கு வங்கி வாசலை. அன்று அதுதான் சந்தை. நூறு பேர் ஒருவர் மேல் ஒருவராக நின்று, வண்ண எழுத்துகளில் கூவிக்கூவி விற்பார்கள். இரும்புத் தாதுவுக்கு விலை பேச அரை மணி நேரம் ஆகும். ஆங்கிலத்தில் பேரம் பேச நான் கற்றதே அங்குதான். ஏமாந்ததும் அங்குதான்: கவசத்துக்கு இலவசமாகப் பொன் விளிம்பு வைத்துத் தருவதாக ஒருவன் சொன்னான், பல வாரம் உழைத்து வாங்கிய ரூன் கவசத்தை நம்பிக் கொடுத்தேன், அவன் மறைந்துபோனான். அப்படி விளிம்பு வைக்கும் வேலையே அந்த விளையாட்டில் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று அந்த வாசல் கிட்டத்தட்டக் காலியாக இருக்கிறது. நகரின் வடமேற்கில் உள்ள கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பரிமாற்ற மையத்தில் விலையைக் குறித்துவிட்டு நகர்ந்தால், முகம் தெரியாத யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். யாரும் யாருடனும் ஒரு சொல் பேச வேண்டியதில்லை.

இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. இங்கு முக்கியமான மாற்றங்கள் விளையாடுபவர்களின் வாக்குக்கு விடப்படுகின்றன. முதலில் 75 சதவீத ஆதரவு வேண்டியிருந்தது, 2022இல் அது 70 ஆகக் குறைக்கப்பட்டது. 2019இல் வார்டிங் என்ற புதிய திறனை இதே மக்கள் தோற்கடித்தார்கள். 2015இல் கிராண்ட் எக்ஸ்சேஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்களும் இவர்களே. பழையது வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர்கள், அதில் தங்களுக்குச் சிரமமாக இருந்த பகுதியை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்கள். அன்று நான் விளையாடிக்கொண்டிருந்தால் நானும் ஆதரவாகவே வாக்களித்திருப்பேன் என்பதை மறைப்பதற்கில்லை.

கைபேசி வடிவம் 2018இல் வந்தது. கணினியில் இருக்கும் அதே உலகம், அதே கணக்கு. இவ்விளையாட்டு 0.6 வினாடிக்கு ஒருமுறை அடியெடுத்து வைக்கும் மெதுவான இயந்திரம் என்பதால் தொடுதிரைக்கு நன்றாகவே பொருந்துகிறது. மரத்தைத் தொட்டுவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தால், ஆள் தானாக வெட்டிக்கொண்டிருப்பான். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு திறனை 99ஆம் நிலைக்கு உயர்த்த 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92ஆம் நிலையை எட்டும்போதுதான் அதில் பாதியைத் தாண்டியிருப்போம். சிறுவயதில் மின்சாரம் போனால், சென்டரில் நேரம் முடிந்தால் எழுந்துவிடுவோம். இப்போது எழுப்ப ஆள் இல்லை. பருப்பு கருகிய பிறகு அடுப்பை அணைத்த அனுபவம் எனக்கு இரண்டு முறை ஏற்பட்டுவிட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, இலவசப் பகுதியில் 15 திறன்களும் பழைய ஊர்களும் கிடைக்கின்றன. ஏக்கம் தீர அது தாராளமாகப் போதும். சந்தா கட்டினால் மேலும் ஒன்பது திறன்களும் பெரும் நிலப்பரப்பும் திறக்கும். 2025 நவம்பரில் வந்த கடலோட்டத் திறன் சந்தாதாரர்களுக்கு மட்டும் உரியது. விளையாட்டுக் காசைச் சேர்த்து, சந்தாவாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாண்டு என்ற பொருளை வாங்கியும் சந்தா பெறலாம், ஆனால் புதிதாகத் தொடங்கியவருக்கு அது வேலைக்குப் போய் வந்த பிறகு இன்னொரு வேலை பார்ப்பது போலாகிவிடும்.

சந்தையில்லாத குறையை நீக்கியது குழு அயர்ன்மேன் முறை. 2021இல் வந்த இதில் இருவர் முதல் ஐவர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். வெளியாரிடம் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. எல்லாவற்றையும் குழுவே உழைத்துச் சேர்க்க வேண்டும். நானும் நண்பனும் இருவர் குழுவாக மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மீன் எனக்கு, சுரங்கம் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டதில் பழைய பேரமும் வாக்குவாதமும் திரும்பி வந்துவிட்டன. அவன் இருக்கும் ஊரில் பொழுது விடியும்போது இங்கே நான் தூங்கப் போகிறேன். போன வாரம் காலையில் குழுவின் பொதுக் களஞ்சியத்தைத் திறந்தபோது, நான் கேட்காமலே ஒரு ரூன் வாள் வைத்திருந்தான்.

தனியாகத் திரும்புபவர்கள் இலவசப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். கூட ஒருவர் இருந்தால் ஒரு மாதச் சந்தா கட்டலாம், ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டாம்.