மலை இல்லாத கரையில் எந்தக் கியர்?

படகு ஏற்றிய டிரெய்லரை ஆட்டோமேட்டிக் பிக்அப்பில் இழுக்கும்போது வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் 'டி'யில் விட்டுவிடுவதா, கையால் நான்கில் நிறுத்திக்கொள்வதா என்ற கேள்விக்கு, கச்சான் என்னும் மேல்காற்று வீசும் இரண்டு பருவங்களை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. பாம்பன், மண்டபம் கரைகளிலிருந்து பைபர் படகுகளை இராமநாதபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுவருவதும், பழுது முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் தொழில். வண்டி ஆறு கியர் கொண்ட டீசல் ஆட்டோமேட்டிக். பின்னால் வருவது படகும் டிரெய்லருமாக ஒன்றரை டன்னை ஒட்டியிருக்கும். நான் நான்காம் கியர் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இங்கே என்ன கொடைக்கானலா இருக்கிறது, போட்டது போட்டபடி போக வேண்டியதுதானே" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வழியாக இராமநாதபுரம் வரை பாம்பன் பாலத்தைப் போன்ற ஏற்றம் எதுவும் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் மேற்கு நோக்கி வருபவருக்குக் கச்சான்தான் மலை. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரில் போக, எதிர்க்காற்று 30 கிலோமீட்டரில் வீசினால், காற்றைப் பொறுத்தவரை அது 80 கிலோமீட்டரில் போகும் வண்டி. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு தடையை எஞ்சின் சமாளிக்க வேண்டியிருக்கிறது. மலை ஏற்றமாவது ஒரு வளைவில் முடியும். இது ஊர் வந்து சேரும்வரை முடியாது.

இந்த நிலையில் 'டி' என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டரில் போகும்போது வண்டி தானாகவே ஐந்துக்கு ஏறிவிடும். எஞ்சின் 1,200 சுற்றை ஒட்டி முனகும். ஒரு வீச்சு காற்று வந்ததும் வேகம் குறையும், கால் ஆக்சிலரேட்டரை அழுத்தும், வண்டி நான்குக்கு இறங்கும். காற்று சற்று ஓய்ந்ததும் மறுபடி ஐந்து, அடுத்த பனங்கூட்டத்தைத் தாண்டியதும் மறுபடி நான்கு. உச்சிப்புளிக்கு வருவதற்குள் இது எத்தனை முறை நடக்கிறது என்று ஒரு நாள் எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் எண்ணாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டிக்குள் இருக்கும் கிளட்சுத் தட்டுகள் கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கின்றன. அதைவிட முக்கியமானது, எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். அதனுள் இருக்கும் லாக் பிடித்திருக்கும்வரை எஞ்சினும் கியர்பெட்டியும் நேராக இணைந்திருக்கும். லாக் விட்டுவிட்டால் விசை எண்ணெய் வழியாகவே போக வேண்டும், போகும் விசையில் ஒரு பங்கு சூடாக அந்த எண்ணெயிலேயே தங்கிவிடும்.

நான்கில் நிறுத்தினால் அதே 60 கிலோமீட்டரில் எஞ்சின் 1,700 சுற்றை ஒட்டி ஓடுகிறது; டீசல் எஞ்சினுக்கு அது இழுவை கூடும் இடம். என் வண்டியின் பெட்டியில் நான்கு என்பது நேர் கியர், அதாவது எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் தண்டும் ஒரு சுற்று. ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிடத் தண்டு வேகமாகச் சுற்றும். வெறும் வண்டிக்கு டீசல் மிச்சம் பிடிப்பதற்கென்று வைத்தவை. நான்கில் லாக் ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் விடுவதில்லை. டீசல் செலவில் ஏதோ கொஞ்சம் கூடத்தான் செய்கிறது, அதை நான் பொருட்படுத்துவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது கியர் ஆயில்தான். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் ஆயுள் அதன் எண்ணெயின் ஆயுள். சுமார் 90 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக இருக்கும் எண்ணெய், 120 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் விரைவில் கெட்டுப்போகும். 'டி'யிலேயே ஓட்டிய பருவம் முடிந்ததும் எண்ணெயை இறக்கி, இரண்டு துளியை வெள்ளைத்தாளில் விட்டுப் பார்த்தோம். புதிதாக ஊற்றும்போது செம்பருத்திச் சாறுபோல் இருந்தது, கரும்பழுப்பாகப் படர்ந்து, நடுவில் பொடியாக ஒரு திட்டு நின்றது. மோந்து பார்த்த மெக்கானிக், "அண்ணே, இது ஆயில் இல்ல, கசாயம்" என்றார். அடுத்த கச்சான் முழுவதும் நான்கில் நிறுத்தி ஓட்டி, அதே பட்டறையில் அதே மாதிரி தாளில் விட்டபோது, நிறம் மங்கியிருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. இரண்டே முறை இறக்கிப் பார்த்ததை வைத்து ஆணித்தரமாகப் பேசுவது முறையல்ல. முதல் முறை இறக்கிய எண்ணெய் கூடுதல் கிலோமீட்டரும் ஓடியிருந்தது. ஆனாலும் கியர்பெட்டியைப் பிரிக்க நேர்ந்தால் ஆகும் செலவை நினைக்கும்போது, எனக்கு அந்தத் தாள் போதுமான சாட்சி. கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்குச் சொல்லியிருக்கும் கணக்கை நம்பாமல், பாரம் இழுப்பவர்கள் கடும் பயன்பாட்டுக்கு உரிய கணக்கில் எண்ணெயை மாற்றிவிடுவதே நல்லது.

பாம்பன் சாலைப் பாலத்தில் விஷயம் கொஞ்சம் மாறுகிறது. 1988இல் திறக்கப்பட்ட, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தின் ஏற்றம் பெரிதல்ல. ஆனால் ரயில் வரும் நேரத்தில் வேடிக்கை பார்க்கும் வண்டிகள் ஏற்றத்திலேயே நின்றுவிடும். பாரத்தோடு நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கும் அந்தக் கால்மணி நேரத்தில் 'டி'யே சரி, அங்கே வண்டி எப்படியும் ஒன்றிலும் இரண்டிலும்தான் இருக்கிறது. இறக்கத்தில் மட்டும் மூன்றுக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. 'டி'யில் இறங்கினால் படகு பின்னாலிருந்து தள்ளுவது கொண்டியில் 'டக்'கென்று தெரியும். மூன்றில் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது.

பவர் மோடு என்ற மூன்றாவது வழியைச் சிலர் சொல்கிறார்கள். அது கியர் ஏறுவதைத் தள்ளிப்போடுகிறதே தவிர, சீரான வேகத்துக்கு வந்ததும் ஐந்துக்குப் போகத்தான் செய்கிறது. மணலில் இழுக்க, நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ. தார்ச்சாலை ஏறியதும் அதை எடுத்துவிட வேண்டும், இதில் பேச ஒன்றுமில்லை.

மேனுவலே வாங்கியிருக்கலாமே என்று மச்சான் இன்னும் கேட்கிறார். எனது பழைய வண்டி ஐந்து கியர் மேனுவல்தான். சாலையில் அதில் எந்தக் குறையும் கண்டதில்லை, நான்கில் போட்டால் அது பாட்டுக்கு நான்கில் நிற்கும். கரையிலிருந்து ஈர மணலில் படகை மேலே இழுக்கும்போதுதான் கிளட்ச் கருகியது, அதுவும் இரண்டு முறை. அந்த வேலையை ஆட்டோமேட்டிக் பதறாமல் செய்கிறது. டொயோட்டா ஹைலக்ஸில் ஒரே 2.8 லிட்டர் எஞ்சினுக்கு மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் என்று தயாரித்தவர்களே டார்க்கை, அதாவது எஞ்சினின் சுழற்றும் விசையை, கூட்டிக் கொடுத்திருப்பதையும் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். விற்கும்போது எது விலைபோகும் என்றால், எங்கள் பக்கம் மேனுவலைத்தான் முதலில் கேட்கிறார்கள்; அந்த வாதத்தில் அவர்தான் ஜெயித்தார்.

வெறும் டிரெய்லரோடு போனாலும், கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே பாம்பனுக்குப் போனாலும், நான் 'டி'யில்தான் ஓட்டுகிறேன். திரும்பும்போது மண்டபம் தாண்டியதும் பனையோலைகளைப் பார்ப்பேன். எல்லா ஓலையும் என்னை நோக்கிச் சாய்ந்திருந்தால், நெம்புகோலைப் பக்கவாட்டில் தள்ளி நான்குக்கு வந்துவிடுவேன்.