காசுக்கு நேர்மேலே: மெட்டல் டிடெக்டருடன் ஆறு ஆண்டுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடகரையில் உள்ள பத்து பிரிங்கிக் கடற்கரையிலும், தெரிந்தவர்கள் அழைக்கும் வீட்டு முற்றங்களிலும் ஒரே மெட்டல் டிடெக்டரை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பல அதிர்வெண்களில் ஒருசேர இயங்கும் அந்தக் கருவியில் 11 அங்குல டபுள் டி காயில், அதாவது தரைக்கு மேலே வீசிப் பார்க்கும் கம்பிச்சுருள் தட்டு, பொருத்தப்பட்டுள்ளது. எவ்வளவு ஆழம் வரை பார்க்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கோ, ஒலி கேட்ட பிறகு பொருள் எந்த இடத்தில் கிடக்கிறது என்று குறிப்பதுதான் முதல் இரண்டு ஆண்டுகளும் பெரும்பாடாக இருந்தது.

சிறிய தங்க மோதிரத்திற்கும் குளிர்பான டின்னின் அலுமினிய இழுவளையத்திற்கும் உலோகத்தின் வகையைக் குறிக்கத் திரையில் வரும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மோதிரம் வேண்டுமென்றால் இழுவளையங்களையும் தோண்டியே தீர வேண்டும். குழி ஒன்றுக்குப் பத்து நிமிடம் செலவானால், கடல் ஏறுவதற்குள் சில குழிகளோடு அன்றைய பொழுது முடிந்துவிடும்.

டபுள் டி காயிலில் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த நடுக்கோட்டின் கீழே, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, கத்தி அலகுபோல் நீண்டு குறுகிய பட்டையாக அதன் உணர்திறன் அமைகிறது. இதனால் இடவலமாக வீசும்போது பொருள் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். அந்தக் கோட்டில் முன்னேயா பின்னேயா என்பது தெரியாது. நான் எப்போதும் காயிலின் நட்டநடுவில் தோண்டினேன், காசோ ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நின்ற இடத்திலிருந்து தொண்ணூறு பாகை திரும்பி மறுபடி வீசி, இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பின்னரே குழி சிறுத்தது. ஈரமணலில் இன்னொரு முறையும் கைகொடுக்கிறது: காயிலைச் சிறு சிறு வீச்சாக ஆட்டியபடி பின்னோக்கி இழுத்து வந்தால், ஒலி சட்டென அறுபடும் இடத்தில் பொருள் முன்விளிம்பின் அடியில் இருக்கும். இரண்டு முறையிலும் காயில் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கை சோர்ந்து காயிலின் முன்முனை உயர்ந்தால் குறி பிசகும்.

பொருளின் இடத்தைக் குறிப்பதற்கென்றே கருவியில் உள்ள பின்பாயிண்ட் பொத்தானைப் பற்றி எனக்கு அரைமனதுதான். அதை அழுத்தினால் காயிலை அசைக்காமலே ஒலி வரும் என்பது உண்மை. ஆனால் உலோகங்களைப் பிரித்தறியும் வேலை அப்போது நின்றுவிடுவதால், பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்து ஒலித்து நம்மைத் தன் பக்கம் இழுக்கும். நீளமான ஆணி படுத்துக் கிடந்தால், ஒரு திசையில் வீசும்போது ஒலி இரண்டு இடங்களில் கேட்டு, மறுதிசையில் ஒன்றாகிவிடுவதும் உண்டு. அதுவே அது காசு அல்ல என்பதற்கு நல்ல அடையாளம். ஆழம் காட்டும் அளவி காசளவுப் பொருளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது என்பதால், ஆழத்தில் கிடக்கும் பெரிய டின்னை மேலே இருப்பதாகவே காட்டும்.

ஒருமுறை தொழிற்சாலை வேலை முடிந்து நேரே கடற்கரைக்குப் போனேன். பின்பாயிண்டில் எங்கே வைத்தாலும் காயில் இரைந்தது. கருவி பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன். காலில் இருந்த பாதுகாப்புக் காலணியின் முனையில் இரும்பு என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தாம் அமைத்த கருவியைக் கொண்டு சென்றபோது, படுக்கையிலிருந்த உலோகக் கம்பிச்சுருள்கள் குழப்பியதாகச் சொல்வார்கள். அவரோடு ஒப்பிட்டுக்கொள்ள எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் அன்று சற்று ஆறுதலாக இருந்தது.

தனியாக வாங்கிய கைப் பின்பாயிண்டர் என்ற, குழிக்குள் நீட்டிப் பார்க்கும் சிறு கருவி இல்லாமல் இப்போது நான் வெளியே போவதில்லை. அது சில சென்டிமீட்டருக்குள் இருப்பதை மட்டுமே உணரும். குழியின் எந்தச் சுவரில் பொருள் ஒட்டியிருக்கிறது என்று காட்ட அதுவே போதும். பெரிய கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது இதையும் இயக்கினால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பிக் கத்தும் என்பதால் ஒன்றை அணைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் முற்றத்தில் மோதிரம் தேடிய முதல் ஆண்டில் இது என்னிடம் இல்லை. தட்டு அகலத்தில் ஒன்பது குழிகள் போட்டேன். மோதிரம் கிடைத்தது, சிறு மண்வெட்டியின் கீறலோடு. “மோதிரம் சரி தம்பி, என் புல்லைப் பாரு” என்றார். இன்று புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மூடிபோல் திறந்து, எடுத்த பின் மண்ணை இட்டு மூடிவிடுகிறேன்.

ஜார்ஜ்டவுன் கோட்டைப் பக்கம் கருவியைக் கொண்டுபோவதில்லை. மரபுச் சின்னமாகக் கருதத்தக்க எதுவும் கிடைத்தால் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. தவிர, 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசிய ஊர் இது. பெரிய இரும்புக் குறி வந்தால் தோண்டாமல் போலீசுக்குத் தெரிவிப்பதே முறை.

காயிலின் உண்மையான நடுக்கோட்டை ஐம்பது காசு நாணயம் ஒன்றைத் தரையில் வைத்துக் கண்டுபிடித்து, அதன் மேல்மூடியில் வெள்ளை நகப்பூச்சால் கோடிட்டு வைத்திருக்கிறேன். குப்பை மிகுந்த முற்றங்களுக்காகச் சென்ற மாதம் வாங்கிய 6 அங்குலக் காயிலுக்கு இன்னும் கோடு போடவில்லை.