கரண்ட் போய் வந்தால் தானாக எழும்புவது எது? வீட்டுச் சேர்வருக்கு ரஸ்பெரி பையா, பழைய லப்டொப்பா, மினி பிசியா

படங்களையும் கோப்புகளையும் சேமித்து எங்கிருந்தும் திறக்க வீட்டில் சேர்வர் (எப்போதும் ஓடும் கொம்பியூட்டர்) ஒன்று வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது புரொசெசரையும் மெமரியையும்தான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வைக்கிற சேர்வருக்கு அந்தக் கணக்கு பிறகு. இங்கே கரண்ட் போகும். வரும்போதும் ஒரேயடியாக வராது, இரண்டு மூன்று தரம் வெட்டி வெட்டித்தான் வரும். அந்த நேரம் வீட்டுக்காரர் வயலில் நிற்பார், இல்லையென்றால் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பார். ஆள் தொடாமல் பெட்டி தானாக எழும்ப வேண்டும், டிஸ்க்கைக் கண்டுபிடிக்க வேண்டும், சரியான நேரத்தோடு வேலையைத் தொடங்க வேண்டும். இது நடக்காவிட்டால் எவ்வளவு வேகமான பெட்டியும் இரண்டு மாதத்தில் மேசைக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கும்.

போட்டியில் இருப்பவை மூன்று. உள்ளங்கை அளவுப் பலகைக் கொம்பியூட்டரான ரஸ்பெரி பை (4 அல்லது 5), வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லப்டொப், வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த மினி பிசி. மினி பிசி என்றால் லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி வகையறா. பழைய டவர் கொம்பியூட்டரை இதில் சேர்க்கவில்லை. காரணம் கரண்ட் பில்.

கணக்கு சுலபம். இரவு பகலாக ஓடும் பெட்டி இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் மாதத்துக்கு 0.72 யுனிட். எஸ்எஸ்டியோடு (சுழலாத சிப் டிஸ்க்) சேர்த்து ஒரு பை 5 வாட் இழுத்தால் 3.6 யுனிட். திரை அணைத்த லப்டொப்பும் மினி பிசியும் சும்மா நிற்கும்போது 10 வாட் அளவில், அதாவது 7 யுனிட் சொச்சம். டவர் 40 வாட் என்றால் 29 யுனிட். மாதம் 45 யுனிட் பாவிக்கும் வீட்டில் டவரை வைத்தால் பில் 74 யுனிட்டில் போய் நிற்கும். 60ஐத் தாண்டியதும் முதல் யுனிட்டிலிருந்தே வேறு விலைப்படி. சேர்வருக்கு மட்டுமல்ல, முன்பு எரித்த மின்குமிழுக்கும் சேர்த்துத்தான் கூடக் கட்ட வேண்டிவரும்.

ரஸ்பெரி பை

தானாக எழும்புவதில் பைக்கு நிகர் இல்லை. பொத்தான் அழுத்தத் தேவையில்லை, 5 வோல்ட் கிடைத்தால் தொடங்கிவிடும். அது சறுக்குவது வேறு இடங்களில்.

முதலாவது, பை வழக்கமாகத் தொடங்குகிற எஸ்டி கார்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வெட்டினால் எழுதின பகுதி மட்டும் கெடுவதில்லை, கார்ட்டுக்குள் இருக்கிற அட்டவணையே குழம்பலாம். பை 4உம் 5உம் யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாகத் தொடங்கக்கூடியவை. கார்ட்டைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது மின்சாரம். பை 4இன் நான்கு யூஎஸ்பி வாய்களுக்கும் சேர்த்துக் கிடைப்பதே 1.2 அம்பியர். 2.5 அங்குல போர்ட்டபிள் ஹாட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது தனியாகவே 1 அம்பியர் கிட்ட இழுக்கும். ஒன்று செருகினால் தாங்கும். இரண்டு செருகினால் டிஸ்க் விழுந்து விழுந்து எழும்பும். பை 5 எதிர்பார்ப்பது 5 வோல்ட் 5 அம்பியர். போன் சார்ஜரைக் கொடுத்தால் அது யூஎஸ்பி பக்கத்துக்கு 600 மில்லி அம்பியருக்கு மேல் விடாது, போர்ட்டபிள் டிஸ்க் எழும்பாமல் போகலாம். பலர் டிஸ்க் பழுது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது அதிகம் பேர் கவனிக்காதது: நேரம். பை 4இல் கடிகாரம் இல்லை. கரண்ட் நான்கு மணித்தியாலம் நின்று வந்தால், இணையம் கிடைக்கும் வரை பை தான் அணைந்த நேரத்திலேயே நிற்கும். நீண்ட வெட்டென்றால் சில வேளை போன் ரவரும் படுத்துவிடும், இணையம் பிந்தித்தான் வரும். அதற்கிடையில் எடுத்த பக்கப்பில் (காப்புப் பிரதியில்) பிழையான திகதி விழும். 30 செக்கனுக்கொருமுறை மாறும் இரட்டைப் பாதுகாப்பு இலக்கத்தைப் போட்டால் கோப்புப் பகிரும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் உள்ளே விடாது, கடவுச்சொல் மறந்துபோச்சு என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரப் பலகையைப் பையின் 1, 3, 5, 7, 9ஆம் ஊசிகள் மேல் குத்திவிட்டால் தீர்ந்தது. பை 5இல் கடிகாரம் உள்ளே இருக்கிறது, அதற்குரிய பற்றரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும்.

சோலார் பனலும் 12 வோல்ட் பற்றரியும் உள்ள வீட்டில் பையைத்தான் எடுக்கச் சொல்வோம். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில் 84 வாட்-மணி. பாதியை மட்டும் பாவித்தாலும் 5 வாட் பை எட்டு மணித்தியாலம் ஓடும். 12ஐ 5ஆக்கும் கன்வேர்ட்டரைப் பைக்குப் பக்கத்திலேயே வைத்து 5.1 வோல்ட்டுக்குத் திருப்புங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் வைத்து மெல்லிய வயரில் மூன்று மீற்றர் இழுத்தால் பைக்கு 4.6 வோல்ட்கூடப் போய்ச் சேராது. திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் சிக்கல் அதுதான்.

பழைய லப்டொப்

காசு செலவில்லை, கூடவே ஒரு யூபிஎஸ்ஸும் உள்ளேயே இருக்கிறது. வெட்டி வெட்டி வரும் கரண்டை அதன் பற்றரியே விழுங்கிவிடும். கிட்டத்தட்ட எல்லோரும் இதிலிருந்து தொடங்குவது சரிதான். மூடியை மூடினால் தூங்கிப்போகாமல் இருக்க லினக்ஸின் லொகின்ட் அமைப்புக் கோப்பில் ஹான்டில் லிட் சுவிட்ச் என்ற வரியை இக்னோர் என்று மாற்ற வேண்டும், அது ஒரு நிமிட வேலை.

வில்லங்கம் நீண்ட வெட்டில். பற்றரி தீர்ந்து அணைந்த லப்டொப், கரண்ட் வந்ததும் சார்ஜ் ஆகத் தொடங்கும். ஆனால் எழும்பாது. டெல் லட்டிடியூட் போன்ற அலுவலக வகைகள் சிலவற்றின் பயோஸில் (பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பில்) வேக் ஒன் ஏசி, அதாவது கரண்ட் வந்ததும் எழும்பு, என்று ஒரு தெரிவு இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண லப்டொப்களில் பெரும்பாலும் இராது. குறுக்குவழி ஒன்று உண்டு: பற்றரி 20 வீதத்துக்கு வந்ததும் ஆர்டிசிவேக் கட்டளையால் மூன்று மணித்தியாலம் கழித்து எழும்பும்படி சொல்லிவிட்டு அணைக்கலாம். எழும்பும்போதும் கரண்ட் வந்திராவிட்டால் மிச்சம் இருக்கிற பற்றரியும் போய்விடும். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனாலும் பாதி நாட்களுக்கு உதவும்.

அடுத்தது வெப்பம். தகரக் கூரைக்கோ சீற்றுக்கோ கீழே, கோடையில், எப்போதும் 100 வீதத்தில் நிற்கும் பற்றரி ஊதத் தொடங்கும். திங்க்பாட் வகைகளில் டிஎல்பி மென்பொருளால் 80 வீதத்தில் சார்ஜை நிறுத்தலாம். மவுஸ் தட்டு மேலே எழும்பினாலோ அடித்தட்டு மேசையில் ஆடினாலோ அன்றைக்கே பற்றரியைக் கழற்றுங்கள். கழற்றினதோடு யூபிஎஸ்ஸும் போய்விட்டது, பெரும்பாலும் தானாக எழும்பும் வழியும் இல்லை. மூன்றிலும் மோசமான பெட்டி இப்போது உங்கள் கையில். 32 பிட் லப்டொப் என்றால் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸை அதில் நிறுவ முடியாது.

மினி பிசி

எங்கள் வாக்கு இதற்குத்தான், இரண்டு வேலைகளைச் செய்த பிறகு.

பயோஸில் ஆஃப்டர் பவர் லொஸ் என்றோ ஏசி ரிக்கவரி என்றோ ஒரு தெரிவு இருக்கும். அதைப் பவர் ஒன் என்று மாற்றுவது முதல் வேலை. எல்லோரும் சொல்வதும் இதுதான். இரண்டாவதைச் சொல்வார் குறைவு: உள்ளே இருக்கும் சிஆர்2032 வட்டப் பற்றரி. அலுவலகத்தில் ஆறேழு வருடம் கிடந்த பெட்டியில் அது செத்திருக்கும், அல்லது சாகப்போகும். அது செத்தால், கரண்ட் போகும்போது பயோஸ் முழுவதையும் மறந்து பழைய நிலைக்குப் போய்விடலாம். நீங்கள் மாற்றிய பவர் ஒன்னும் அதோடு போகும். சில பெட்டிகள் ‘எஃப்1 அழுத்து’ என்று கேட்டுக்கொண்டு கறுப்புத் திரையில் நிற்கும், கீபோர்ட் இல்லாத பெட்டியில் யார் அழுத்துவது? வாங்கின அன்றே பற்றரியை மாற்றிவிட்டுப் பிறகு பயோஸைத் தொடுங்கள்.

கொழும்பில் யுனிற்றி பிளாசாவிலோ வேறு எங்கோ வாங்கும்போது புரொசெசர் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-6500ரி, ஐ5-7500ரி இரண்டும் ஒரே உருவத்துப் பெட்டிகளில் வரும். ஜெல்லிஃபின் (சேர்வரிலிருந்து படம் ஓட்டும் மென்பொருள்) போட்டுப் படம் பார்ப்பவருக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். 10 பிட் எச்இவிசி (ஒரு வீடியோச் சுருக்கல் முறை) படங்களைச் சிப்பே பிரித்துக் கொடுப்பது அதிலிருந்துதான். 6ஆம் தலைமுறை 8 பிட்டோடு நின்றுவிடும். பை 5இல் வீடியோவை மாற்றி எழுதும் வன்பொருளே இல்லை, ரிவி அப்படியே விளங்கிக்கொள்ளும் கோப்பு என்றால் மட்டும் ஓடும். சார்ஜரும் கூட வருகிறதா என்று பாருங்கள். லெனோவோவுக்கு 20 வோல்ட் சதுரமுனை, டெல்லுக்கும் எச்பிக்கும் 19.5. ஒன்றின் சார்ஜர் மற்றதுக்கு ஆகாது.

இதற்கு யூபிஎஸ் கட்டாயம். 650 விஏ பெட்டி போதும், ரவுட்டரையும் அதிலேயே செருகலாம். இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றால் புதுப் பற்றரியில் ஒரு மணித்தியாலம் அளவு எதிர்பார்க்கலாம். யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ்ஸாக எடுத்து அதைக் கவனிக்கும் நட் மென்பொருளைப் போட்டால், பற்றரி இறங்கும்போது பெட்டி ஒழுங்காக அணையும். யூபிஎஸ்ஸுக்குக் காசு இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் ஃபிரிட்ஜ் கார்டைப் போடுங்கள். அது கரண்ட் வந்து சில நிமிடம் கழித்தே விடும், அதனால் வெட்டி வெட்டி வருவது பெட்டிக்குப் படாது.

சோளகக் காற்று காலத்துத் தூசிக்கும் பல்லிக்கும் எறும்புக்கும் காற்றுத் துளைகளில் நுளம்பு வலைத் துண்டு ஒட்டலாம். மாதமொருக்கால் துடைக்காவிட்டால் அதுவே மூச்சை அடைத்துவிடும்.

எந்தப் பெட்டி எடுத்தாலும் டிஸ்க்

போர்ட்டபிள் டிஸ்க்குகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வரும். எக்ஸ்ஃபட்டுக்கு ஜேர்னல் (எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, கரண்ட் வெட்டுக்கு ஈடு கொடுக்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவுக்கு மாற்றுங்கள்.

பெட்டி எழும்பாததற்கு மற்றொரு பெரிய காரணம் எந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் விடுபட்ட ஒரே ஒரு சொல். யூஎஸ்பி டிஸ்க் எழும்பப் பிந்தினால், டெபியன் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்க் கடவுச்சொல் கேட்டு நிற்கும். வலையமைப்பே தொடங்காது, போனில் பார்த்தால் பெட்டி செத்தது போல் இருக்கும். டிஸ்க்குக்குரிய வரியில் டிஃபோல்ட்ஸ் என்பதற்குப் பின்னால் கமா போட்டு நோஃபெயில் என்று சேர்த்தால் டிஸ்க் வராவிட்டாலும் பெட்டி எழும்பும். அத்தோடு டிஸ்க்கின் பெயரை எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாமல் யூயூஐடியால் (அதன் தனி அடையாள இலக்கத்தால்) எழுதுங்கள், கரண்ட் வந்த பிறகு எஸ்டிஏ எது எஸ்டிபி எது என்பது மாறலாம்.

நோஃபெயிலுக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. டிஸ்க் ஏறாத நாளில் படங்கள் டிஸ்க் ஏறவேண்டிய வெறும் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) விழுந்து, சின்ன எஸ்எஸ்டி நிரம்பி, எல்லாமே நிற்கும். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வெற்று அடைவுக்குச் சிஎச்அட்டர் கட்டளையில் கூட்டல் ஐ கொடுத்துப் பூட்டிவிட்டால் அதற்குள் எதுவும் விழாது.

வெளியிலிருந்து வருவது

4ஜி ரவுட்டரில் ஓடும் வீட்டுக்குச் சொந்தப் பொது முகவரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் போர்ட் திறந்து பயனில்லை, தனி வயர்கார்ட் விபிஎன்னும் உள்ளே வராது. ஸ்கார்பரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுப் படங்களைப் பார்க்க போர்ட் திறக்காமலே இணைக்கும் டெயில்ஸ்கேல்தான் இலகு. வழிகாட்டும் சேர்வர் வேறொருவருடையது என்பது உறுத்தினால் அதை நீங்களே நடத்த ஹெட்ஸ்கேல் இருக்கிறது, அதற்கு மாத வாடகைச் சேர்வர் வேண்டும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டனல் சேவையும் வடிவாகத்தான் வேலை செய்யும். ஆனால் இலவசக் கணக்கில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் ஏறாது. படங்களைச் சேர்க்கும் இம்மிச் மென்பொருளுக்குப் போனிலிருந்து போகும் கலியாண வீட்டு வீடியோ பாதியில் நின்றால் பழி இம்மிச்சில் இல்லை.

மென்பொருளில் நீட்டி அலச ஒன்றுமில்லை. கோப்பு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்றால் சிங்திங், பை 4இல்கூட இலேசாக ஓடும். ஒரு போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்பதால் கோப்பு வெர்ஷனிங்கை (பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதியை) போட்டுவிடுங்கள். நாட்காட்டி, தொடர்பிலக்கம், பகிர்வு எல்லாம் வேண்டுமென்றால் நெக்ஸ்ட்கிளவுட். முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் இம்மிச்சுக்கு 8 ஜிபி மெமரி உள்ள மினி பிசி. அதன் புதுப் பதிப்புகள் அடிக்கடி வரும், ஒவ்வொன்றும் டேட்டாவைத் தின்னும். இரவு ஒதுக்கீடு உள்ள பொதி என்றால் நள்ளிரவுக்குப் பிறகு ஓடும்படி நேரம் குறியுங்கள். கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால் லைன் விழுந்த நாளிலும் பிள்ளைகள் படிக்கலாம். இதற்குப் பையே அதிகம்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும் பின்னேரங்களில் ஆபத்து பிளக்கால் மட்டும் வருவதில்லை. கூரையில் நிற்கும் 4ஜி அன்ரெனாவிலிருந்து இறங்கும் லான் வயராலும் வரும். இரண்டு மீடியா கன்வேர்ட்டரும் (லான் வயரை ஃபைபருக்கு மாற்றும் பெட்டி) நடுவில் ஒரு மீற்றர் ஃபைபரும் போட்டால் அந்த வழி அறும். ஒரு கன்வேர்ட்டருக்கும் மற்றதற்கும் ஒரே பிளக் போர்டில் கரண்ட் கொடுத்தால் போட்டதில் பயனில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, சோதனைக் கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சுவரில் பிளக்கை இழுங்கள். யூபிஎஸ் தீரும் வரை விடுங்கள், பிறகு செருகிவிட்டு வெளியே போய்ப் போனில் திறந்து பாருங்கள். மூன்று தரம் செய்ய வேண்டும், அதில் ஒருமுறை ரவுட்டரைப் பத்து நிமிடம் பிந்திப் போடுங்கள்.