பேண்டசி பேஸ்பாலில் பிட்சரை எப்போது எடுப்பது?

பேண்டசி பேஸ்பால் என்றால், நிஜ வீரர்களை டிராஃப்டில் (ஒவ்வொருவரும் ரவுண்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுப்பது) எடுத்து அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் கணக்குகளை வைத்துப் போட்டியிடுவது. அலுவலக நண்பர்களோடு பல சீசன்களாக 12 அணிகள் கொண்ட லீக்கில் ஆடிவருகிறேன். பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, வழக்கமான ஐந்து கணக்குகள்தான்: வெற்றி, சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசியில் காப்பாற்றுவது), ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது), விப் (ஒரு இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட்டும், பேட்டரை நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பும் வாக்கும்). என் வழி ஒன்றே: முதல் நான்கு ரவுண்டுகளில் பிட்சர் பக்கம் திரும்பவே மாட்டேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு 2024 சீசனே போதுமான சாட்சி. அட்லாண்டா பிரேவ்ஸின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் முந்தைய ஆண்டு 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். பெரும்பாலான டிராஃப்டுகளில் முதலில் விலைபோன பிட்சர். இரண்டே ஆட்டங்கள், முழங்கையில் காயம், சீசன் முடிந்தது. அதே அணியில் கிறிஸ் சேல் இருந்தார். வயது 35. விலா எலும்பு, விரல், சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு என அடுத்தடுத்து முறிந்ததால் பல ரவுண்டுகள் கழித்தும் கிடைத்தார். அவர் தந்ததோ 18 வெற்றி, 225 ஸ்ட்ரைக்அவுட், 2.38 இ.ஆர்.ஏ.; சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே.

டிராஃப்ட் பட்டியலில் வெற்றி எண்ணிக்கையை நான் மதிப்பதில்லை. 2018-இல் ஜேக்கப் டிக்ராம் 1.70 இ.ஆர்.ஏ.வோடு சை யங் வாங்கினார். வெற்றி வெறும் 10. அவருடைய அணியான மெட்ஸின் பேட்டர்கள் ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? நான் பார்ப்பது ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் வரும் எண்ணை. ஃபீல்டரின் திறமையும் அதிர்ஷ்டமும் அதில் பெரிதாகக் கலப்பதில்லை. 20-ஐத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கொலராடோ ராக்கீஸ் பிட்சராக இருந்தால் மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் பந்து வளையவும் மறுக்கும், அடித்தால் வெகுதூரம் பறக்கவும் செய்யும்.

விதிவிலக்கும் உண்டு. 2023-இல் பிளேக் ஸ்னெல் 99 வாக் கொடுத்தும் 2.25 இ.ஆர்.ஏ.வில் சை யங் வென்றார். ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் பேஸை நிரப்பிவிட்டுத் தப்பிக்கும் ஆளை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆட்டத்தின் கடைசியில் வந்து சேவ் எடுக்கும் குளோசர்களுக்கும் அதிக விலை கொடுப்பதில்லை. 2023 மார்ச்சில் மெட்ஸ் குளோசர் எட்வின் டியாஸ் உலக பேஸ்பால் கிளாசிக் வெற்றியைக் கொண்டாடும்போதே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுவதையும் இழந்தார். நடு ரவுண்டுகளில் ஒரு குளோசரை எடுத்துவிட்டு, சேவ் வாய்ப்பு கைமாறும்போது மற்றவர்களைப் பிடித்துக்கொள்வேன்.

குறையும் உண்டு: சேவ் கணக்கில் ஏப்ரல், மே முழுக்க அடிமட்டத்தில்தான் இருப்பேன். தினமும் இரவு யாரும் எடுக்காத பிட்சர்களின் பட்டியலைத் துழாவவும் வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் தாரிக் ஸ்கூபல் போன்ற முன்னணி பிட்சர் ஒருவரை முதல் இரண்டு ரவுண்டுகளிலேயே எடுத்துவிட்டு, அவர் முழங்கைக்காக வேண்டிக்கொள்ளலாம்.